கடைமடையில் கடை வாடகைக்கு

எங்கள் ஊருக்கு எதுவும் கடைசியாகத்தான் வரும். மேட்டூரில் பூத்தூவி மதகைத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாறு பிரிந்து, வழியிலிருக்கும் ஊரெல்லாம் குடித்தது போக மிச்சம் முள்ளியாற்றில் எட்டிப் பார்ப்பதற்குள், மேலே உள்ளவர்கள் நடவை முடித்துவிட்டுத் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். 2023இல் ஜூன் 12 அன்றே திறந்தார்கள். அக்டோபர் 10ஆம் தேதி மூடிவிட்டார்கள். 2024இல் திறந்ததே ஜூலை 28. திருத்துறைப்பூண்டிக்காரனுக்கு இதெல்லாம் பழக்கம். இதற்குக் கடைமடை என்று ஒரு கௌரவமான பெயரும் உண்டு.

ஆனால் ஒன்று மட்டும் எந்த மதகிலும் நிற்காமல், எந்த முறைப்பாசனத்துக்கும் கட்டுப்படாமல், நேராக எங்கள் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. தியாகராய நகர் வாடகை.

தியாகராய நகரின் கூட்டம் வரவில்லை, வியாபாரம் வரவில்லை. வாடகை மட்டும் வந்திருக்கிறது.

ரயிலடியிலிருந்து பிறவி மருந்தீசர் கோயில் வரைக்கும் ஒரு நாள் மெல்ல நடந்தேன். மூடிய ஷட்டர்களை எண்ணிக்கொண்டே போகலாம் என்று ஆசை. பாதி வழியில் தெரிந்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டு மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், எண்ணிக்கை விட்டுப்போயிற்று. திரும்ப முதலிலிருந்து எண்ணத் தெம்பில்லை. பிறவி என்னும் நோய்க்கே மருந்து வைத்திருக்கும் ஈசன் எங்கள் ஊர் ஈசன். வாடகை நோய்க்கு அவரிடமும் மருந்து கிடையாது. கேட்டால் அறநிலையத் துறையைக் கைகாட்டுவார். அந்தக் கதை பின்னால் வருகிறது.

இந்த ஷட்டர்களில் ஒன்றின் சொந்தக்காரர் எனக்கு உறவுமுறையில் மாமா. சிங்கப்பூரில் இருபது வருஷம் வெயிலில் காய்ந்து சம்பாதித்து, ஊருக்கு வந்து கீழே ஆறு கடையும் மேலே கல்யாணக் கூடமுமாக ஒரு காம்ப்ளக்ஸ் கட்டினார். உழைத்த காசு, அதில் எனக்குப் பொறாமை இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டு கடை ஒன்று இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. மாதம் 18,000, அட்வான்ஸ் 3 லட்சம். ஒரு தையல்காரர் 10,000 வரைக்கும் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"பத்துக்குக் குடுத்திருக்கலாமே மாமா?"

"அதெப்படிடா மாப்ளே, ஒருத்தனுக்கு எறக்குனா மத்த அஞ்சு பேரும் வந்து நிப்பானுவளே. கட்டடத்துக்கு ஒரு மரியாதை வேணாமா?"

மரியாதைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தாயிரத்துக்கு விட்டிருந்தால் இரண்டு வருஷத்தில் 2,40,000 ரூபாய் பெட்டியில் இருந்திருக்கும். இப்போது இருப்பது ஒட்டடை. ஆனாலும் மாமாவின் கணக்கில் அது நஷ்டம் இல்லை. அவர் மனசுக்குள் அந்தக் கடை மாதம் 18,000 சம்பாதித்துக்கொண்டுதான் இருக்கிறது. வங்கியில் கடன் வாங்கிய காகிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வாடகையைக் குறைத்தால் கட்டடத்தின் மதிப்பு குறையும். மதிப்பு குறைந்தால் அடுத்த கடன் குறையும். பூட்டியே வைத்திருந்தால் மதிப்பு அப்படியே நிற்கும். ஆள் இல்லாத கடைக்குத்தான் விலை அதிகம்! சென்னை அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசா என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் எங்கள் ஊரிலிருந்து பட்டணம் போனவர்களெல்லாம் அதன் நகரும் படிக்கட்டில் ஒரு முறை ஏறி இறங்கிவிட்டுத்தான் வருவார்கள். இப்போது அதற்குள் நடந்து பாருங்கள், இறங்கிக் கிடக்கும் ஷட்டர்களுக்கு நடுவே உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும். அந்த வியாதி டெல்டாவுக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இதே வியாதி அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்கும் வந்தது. அந்த ஊர்க்காரர்கள் 2020 மார்ச்சில் வாக்குப் போட்டு ஒரு வரி கொண்டுவந்தார்கள். வருஷத்தில் 182 நாளுக்கு மேல் கடையைப் பூட்டி வைத்தால் முகப்பின் நீளம் அடிக்கு 250 டாலர். அடுத்த வருஷமும் பூட்டினால் 500. அதற்கும் மசியாவிட்டால் 1,000. 2022 முதல் நடைமுறை. நாமும் சும்மா இருந்தவர்கள் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே காலிக் கட்டடத்தைப் பற்றிச் சட்டத்தில் யோசித்துவிட்டோம். 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில், தொடர்ந்து முப்பது நாள் காலியாகக் கிடந்தால் சொத்து வரியில் பாதி வரைக்கும் தள்ளுபடி கேட்கலாம் என்று வைத்தோம். அவன் பூட்டினால் அபராதம் போடுகிறான். நாம் பூட்டியவருக்குத் துக்கம் விசாரித்து, கையில் கொஞ்சம் காசும் கொடுத்தோம்.

வெட்கம் இருப்பவர்கள் அடுத்ததைக் கொஞ்சம் உட்கார்ந்து படிக்கலாம். இது சாதாரண ஊர் இல்லை. பி. சீனிவாசராவ் என்ற மனிதர் கன்னட தேசத்திலிருந்து வந்து, கீழத்தஞ்சைச் சேரிகளில் உட்கார்ந்து, சாணிப்பாலையும் சவுக்கடியையும் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த மண். அவருடைய நினைவிடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. மிராசுதார் அளந்து வாங்க ஒரு மரக்கால், கூலி அளந்து கொடுக்க ஒரு மரக்கால் வைத்திருந்த காலத்தில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு என்று கேட்ட ஊர் இது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், 1956இல் நியாய வாரச் சட்டம் வந்ததும் யாரோ ஒரு மந்திரிக்குக் கனவில் தோன்றி அல்ல. நன்செய்க் குத்தகை நூற்றுக்கு 40க்கு மேல் போகக் கூடாது என்றார்கள், பிறகு அதையும் 25 ஆக்கினார்கள். நிலத்துக்காரருக்கு மேல்வாரம் கால், உழுதவனுக்குக் குடிவாரம் முக்கால். அதற்காகச் செத்தவர்களின் பெயர்கள் எங்கள் பக்கத்துக் கொடிமேடைகளில் இருக்கின்றன.

வயலில் தோற்ற குத்தகை எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை. அது வேட்டியை மாற்றிக்கொண்டு, வாடகை என்று பெயரையும் மாற்றிக்கொண்டு, கடைத்தெருவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரு ஃபேன்சி ஸ்டோரை எடுத்துக்கொள்வோம். வளையல், பொட்டு, ரிப்பன், கவரிங். நூறு ரூபாய்க்கு விற்றால் 25 நிற்கும் என்று வையுங்கள். மாதம் 60,000 விற்றால் நிற்பது 15,000. வாடகை 12,000. மேல்வாரம் 12,000, குடிவாரம் 3,000. அந்த மூவாயிரத்தில் கரண்ட் பில் கட்டி, உதவிக்கு நிற்கும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து, கல்லாவில் சாமி படத்துக்குப் பூவும் வாங்க வேண்டும். நிற்கும் காசில் நூற்றுக்கு 80 நிலத்துக்காரருக்கு! வயல் கணக்கு மொத்த மகசூலில், கடைக் கணக்கு லாபத்தில், இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று ஆடிட்டர்கள் கிளம்பி வருவார்கள். வரட்டும். வரும்போது அந்த மூவாயிரத்தில் ஒரு மாதம் குடும்பம் நடத்திக் காட்டிவிட்டு ஒப்பிடட்டும்.

பழைய மரக்காலும் பத்திரமாக இருக்கிறது. இப்போது அதற்குச் சதுரடி என்று பெயர். சுவரின் கனம், மாடிப்படிக்குக் கீழே ஆள் நுழைய முடியாத முக்கோணம், வாசலில் சாக்கடைக்கு மேல் போட்ட சிமெண்டுப் பலகை எல்லாம் சேர்த்துத்தான் அளப்பார்கள். அந்தச் சாக்கடை நகராட்சியுடையது. வாடகை ஓனருடையது.

வெள்ளாமை பொய்த்த வருஷம் குத்தகையைக் குறைத்துக் கேட்பதற்கு வயலில் ஒரு வழக்கமாவது இருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்துவிட்டுப் போனபோது, தென்னை படுத்த அதே இரவில் கடைத்தெருவின் தகரமும் பெயர்ப்பலகையும் பறந்தன. ஒரு பெட்டிக்கடைக்காரர், கரண்டே இல்லாத அந்த நாட்களுக்கும் சேர்த்து முழு வாடகை கொடுத்தார். கூரையைத் தேடிக்கொண்டிருந்தவரிடம் ஓனர் கேட்ட முதல் கேள்வி, "இந்த மாசம் அஞ்சாந்தேதி தாண்டிடுச்சே?"

அட்வான்ஸ் ஒரு தனிப் புராணம். ஊருக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் விதைத் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப் போனவர், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கொடுத்தது பெருகும். கடைத்தெருவில் 3 லட்சம் அட்வான்ஸ் விதைத்துப் பாருங்கள். எட்டு வருஷம் கழித்துக் காலி செய்யும்போது வெள்ளையடித்த கூலி, ஷட்டருக்குக் கிரீஸ் போட்ட கூலி, உடையாத டைல்ஸ் உடைந்த கூலி எல்லாம் போக இரண்டே முக்கால் முளைக்கும். அதுவும் நாலு நடை நடந்தால்.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது கூடாது என்கிறது, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய. அந்த வாலைக் கவனியுங்கள். திருடக் கூடாது, திருடுவதென்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டாலொழிய! எழுதியவர் கைக்கு ஒரு தங்கக் காப்பு போடலாம்.

டெல்லிக்காரர்களும் தங்கள் பங்குக்கு மரக்காலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 2024 அக்டோபர் 10 முதல், ஓனர் ஜிஎஸ்டியில் பதியாதவராக இருந்து கடைக்காரர் பதிந்தவராக இருந்தால், வாடகை மேல் 18 சதவீத வரியைக் கடைக்காரரே கட்ட வேண்டும். ரிவர்ஸ் சார்ஜ் என்று பெயர். வாங்குபவர் நிம்மதியாக இருக்க, கொடுப்பவர் கொடுத்ததற்கும் சேர்த்துக் கொடுப்பது. காம்போசிஷன் முறையில் வரி கட்டும் சின்னக் கடைகள் கூச்சல் போட்ட பிறகு 2025 ஜனவரியில் அவர்களை மட்டும் விட்டார்கள். மற்றவர்களுக்கு உள்ளீட்டு வரியாகத் திரும்பி வருமாம். முதலில் கையிலிருந்து போக வேண்டுமே, அது எங்கிருந்து வரும் என்று யாரும் சொல்லவில்லை.

தனியார்தான் இப்படி, அரசாங்கமும் கோயிலும் கருணை காட்டும் என்று நினைத்தால் ஊட்டிக்குப் போய்க் கேளுங்கள். நகராட்சி மார்க்கெட் வாடகையைச் சந்தை மதிப்புக்கு ஏற்றுகிறோம் என்று பல மடங்கு ஏற்றி, நிலுவை கோடிக்கணக்கில் ஏறிய பிறகு, 2021 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான கடைகளுக்கு ஒரே மூச்சில் சீல் வைத்தார்கள். இதில் கட்சிக்காரர்கள் நாலு கடையை ஏலம் எடுத்து உள்வாடகைக்கு விட்டு நடுவில் சாப்பிடும் கலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் ஊர்தான். கோயில் கடைகளுக்கு அறநிலையச் சட்டத்தின் 34ஏ பிரிவு இருக்கிறது. சந்தை மதிப்பைப் பார்த்து அதன்படி நிர்ணயிக்கும் வாடகைக்குப் பெயர் என்ன தெரியுமா? நியாய வாடகை. உழுதவனுக்கு நியாயம் என்றபோது அது கீழே இறங்கியது. விற்பவனுக்கு அதே நியாயம் மேலே ஏறுகிறது. சொல் ஒன்றுதான், ஆள் மாறிவிட்டான்.

அப்படியானால் இந்த வாடகையை யார்தான் கொடுக்கிறார்கள்? கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்து, செக்யூரிட்டி வணக்கம் வைக்க, புதிதாக வருகிற கடைகளைப் பாருங்கள். நகைக்கடன் கம்பெனி. அடுத்து இன்னொரு நகைக்கடன் கம்பெனி. நடுவில் மருந்துக் கடை. வாடகை கட்ட முடியாத ஃபேன்சி ஸ்டோர்க்காரி தன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போய் வைப்பதற்கு வசதியாக, அவள் காலி செய்த இடத்திலேயே அடகுக்கடை திறந்திருக்கிறது. மாமா போன்றவர்கள் பூட்டிக்கொண்டு காத்திருப்பதும் இப்படி ஒரு கம்பெனிக்காகத்தான்.

ரயிலையும் சொல்லிவிட வேண்டும். மீட்டர்கேஜ் ரயில் நின்று வருஷக்கணக்கில் ஸ்டேஷனில் ஆடு மேய்ந்தபோது ஒரு ரூபாய் வாடகை குறையவில்லை. அகலப்பாதை வரப்போகிறது என்ற பேச்சுக்கே ஏறியது. 2019இல் காரைக்குடி ரயில் வந்தது, ஏறியது. 2023 ஏப்ரலில் அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் திறந்தார்கள், அதற்கும் ஏறியது. ரயிலில் ஏறியவர்கள் திருவாரூருக்கும் அதற்கு அப்பாலும் போய்த் தீபாவளித் துணி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

கதிர் அரிவாள் சின்னம் பலமுறை ஜெயித்த தொகுதி இது. செப்டம்பர் 30 சீனிவாசராவ் மறைந்த நாள். தோழர்கள் மாலையோடு வருவார்கள், வர வேண்டியதுதான். அன்றைக்குக் காலையில் மாமாவின் காலிக் கடை வாசற்படியில் ஒரு பூக்கார அம்மா கூடையை இறக்கி வைத்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். மாமாவின் ஆள் சைக்கிளை நிறுத்தினான். அந்த அம்மா சுருக்குப்பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

"என்னப்பா இது?" என்றேன்.

"படி வாடகைங்க. ஒரு நாளைக்கு அம்பது."

"கடையே காலியாத்தானே கிடக்கு?"

"கடைதாங்க காலி," என்றான் அவன், நோட்டை மடித்துக்கொண்டே. "படியில ஆள் இருக்குல்ல?"