ஈரத்துணியா, கண்டன்ஸரா? மலைச்சாலைச் சிக்கல் ஒன்றின் மீதான ஆராய்ச்சி

திண்டுக்கல்லில் புறப்பட்டு, வத்தலக்குண்டு கடந்து கொடைக்கானல் மலையேறும் பழைய பெட்ரோல் அம்பாசிடர் டம்டம் பாறைப் பக்கம் வந்ததும் ஏன் படுத்துவிடுகிறது? இதில் அறிஞர்கள் இரு கட்சி. (டீசல் அம்பாசிடர் ஆய்வு எல்லைக்குப் புறம்பு. டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாத வண்டியோடு நமக்கென்ன பேச்சு?)

முதலில் குலமரபு. அம்பாசிடரின் மூலநூல் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அதன் 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சினுக்கு 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் பங்காளி முறை. அங்கே அந்த எஞ்சின் இருவரை ஏற்றிப் பறந்தது. இங்கே எட்டுப் பேரையும், பழனிக்கு மொட்டை நேர்ந்த குழந்தையையும், சிறுமலை வாழைத்தாரையும் இழுத்தது. பர்மிங்ஹாம் லூகாஸும் டிவிஎஸ்ஸும் 1961-இல் கூட்டுச் சேர்ந்த பிறகு, மின்சார உதிரிபாகத்துக்குக் கடல் கடக்கும் தோஷமும் நீங்கியது.

ஈரத்துணிக் கட்சியார் கூற்று: சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பை அடைக்கிறது; ஈரத்துணி போட்டு, டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பும். கிளம்பியும் விடுகிறது. கண்டன்ஸர் கட்சியார் மறுப்பு: பழுதான கண்டன்ஸர் சூடேறினால் கைவிடும், ஆறினால் வேலை செய்யும். இவர்களும் டீ குடித்துவிட்டு வருகிறார்கள், இவர்களுக்கும் கிளம்புகிறது. ஆகவே மூலகாரணம் டீயே என்று கொள்வாரும் உளர்.

வழக்கைத் தீர்க்கும் சோதனை எளிது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் வயரைப் பிடுங்கி, முனையை எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொல்லவும். நீலப்பொறி பளிச்சென்று தாவினால் பெட்ரோல் பக்கம் பார்க்கலாம். பொறி மஞ்சளாய் இளைத்து, பாயிண்ட் முகமும் கருகியிருந்தால் கண்டன்ஸரே குற்றவாளி. வயரை உலர்ந்த ரப்பர் சுற்றிப் பிடிக்கவும். வெறுங்கையால் பிடித்தவர் மூன்றாம் கட்சி தொடங்குவார்.

அடுத்தது டைமிங். இதன் முதல் விதி, இடைவெளி முன், டைமிங் பின். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். பாயிண்டின் குதி தேயத் தேய இடைவெளி குறுகும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் பிந்தும். வண்டி இழுக்காது, சூடேறும். பொறி முந்தினாலோ ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். ஹேண்டில் போடுபவரின் மணிக்கட்டைத் திருப்பியடிக்கும். டைமிங்கை வைத்துவிட்டு இடைவெளியைத் தொடுகிற பட்டறைக்காரர் செய்த வேலையைத் தாமே அழிக்கிறார்.

பிளக் வயரின் வரிசை 1-3-4-2. இதில் பாடபேதம் கிடையாது. சுற்றும் திசையில்தான் குழப்பம். ரோட்டர் சுழல்வது இடஞ்சுழியாக. வலஞ்சுழிப் பாடம் கோயிலுக்கு ஆகும், இந்த எஞ்சினுக்கு ஆகாது: இரண்டும் மூன்றும் இடம் மாறி, கார்புரேட்டர் வழியே இருமும்.

மலையேறும் அன்பர்கள் துணியை நனைக்குமுன் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். டேஷ்போர்டில் உபரியாக ஒரு கண்டன்ஸர் இருக்கட்டும். டீக்கு எந்தக் கட்சியிலும் தடையில்லை.