வோல்ற்றைக் கேட்காதே, அம்பியரைக் கேள்!

கீரிமலைக் கேணியடியிலும் அயலூர்களிலும் எல்.இ.டி. விளக்குகளைச் சொந்தக் கையால் கட்டுகிறவர்களின் கேள்விகள் இம்முறை. அநேகமானவற்றுக்கு நோய் ஒன்றுதான்: வோல்ற்றைப் பார்த்துப் பார்த்து விளக்கைக் கட்டுகிறார்கள், உள்ளே ஓடும் மின்னோட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: சிவராத்திரிக்கு நகுலேஸ்வரம் போகிறவர்களுக்கு வழிவெளிச்சம் கட்டினோம். 12 வோல்ற் பற்றரி, தொடராக மூன்று 1 வாற் எல்.இ.டி., கணக்குப் பார்த்துப் போட்ட 6.8 ஓம் தடையி. மாலையில் கண்ணைப் பறித்தது. விடியப்புறம் மின்மினிப் பூச்சி. கணக்கில் பிழையா? (கீரிமலை)

பதில்: கணக்கு சரி. பற்றரி எப்போதும் 12 வோல்ற்றில் நிற்கும் என்று நம்பியதுதான் பிழை. சார்ஜ் ஏறும்போது ஈயப் பற்றரி 14.4 வோல்ற் வரை போகும். களைத்தால் 11க்கு இறங்கும். மூன்று வெள்ளை எல்.இ.டி.க்கும் சேர்த்து ஏறக்குறைய 9.6 வோல்ற் வேண்டும். 12இல் மிச்சம் 2.4 வோல்ற், 6.8 ஓமுக்கு 350 மில்லி அம்பியர் ஓடும். விளக்கு கேட்பதும் அதைத்தான். 14.4இல் மிச்சம் 4.8 ஆகிவிட, ஓட்டம் இரட்டிப்பாகி 700ஐ எட்டப் பார்க்கும். 11இல் 200தான். பற்றரி ஒரு பங்கு அசைந்தால் விளக்கு பல பங்கு ஆடுகிறது. சார்ஜரைக் கழற்றாமல் விளக்கைப் போட்டிருந்தால் எல்.இ.டி. அன்றைக்கே கருகியிருக்கும்.

கேள்வி: அப்படியானால் சரியாக 3.2 வோல்ற் கொடுக்கும் றெகுலேற்றர் ஒன்றில் மூன்றையும் பக்கம் பக்கமாக இணைத்தால் தீர்ந்ததா? (தெல்லிப்பழை)

பதில்: தீராது. எல்.இ.டி. சூடேறச் சூடேற, அதே ஓட்டத்துக்கு அதற்குத் தேவைப்படும் வோல்ற் குறையும். வோல்ற்றைக் கட்டிவைத்தால் ஓட்டம் கூடும், ஓட்டம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் ஓட்டம் இன்னும் கூடும். ஒரே பெட்டியில் வாங்கிய மூன்றும்கூட அச்சில் வார்த்ததுபோல் இருக்காது. கொஞ்சம் இளகிய ஒன்று மற்ற இரண்டின் பங்கையும் இழுத்து முதலில் போகும். தொடராக இணையுங்கள். ஒரே ஓட்டம் எல்லாவற்றுக்குள்ளும் போகும்.

கேள்வி: தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதாக ஐயா சொல்லுவார். அதில் எல்.இ.டி. எரியுமா? (மாவிட்டபுரம்)

பதில்: அருமையாக எரியும். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு, வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இரவில் ஜாம் போத்தல் விளக்கு, செய்தி கேட்க சைக்கிள் டைனமோ. போத்தலுக்குள் பஞ்சையும் கொஞ்ச மண்ணெண்ணெயையும் வைத்துப் பிள்ளைகளைச் சோதனைக்குப் படிப்பித்த காலம் அது. அந்த வீடுகளில் இருந்த டைனமோவை இன்றைய எல்.இ.டி. பொறியியல் மரியாதையோடு பார்க்கவேண்டும்.

அதன் மேல் 6 வோல்ற், 3 வாற் என்று அடித்திருக்கும். அதாவது அரை அம்பியர். வேகமாக மிதித்தால் சுருளில் பிறக்கும் வோல்ற் கூடும். ஆனால் அலையின் அதிர்வெண்ணும் கூடவே ஏறுவதால், அதே சுருள் ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பும் ஏறும். ஒன்றை ஒன்று ஈடுகட்ட, ஓட்டம் அரை அம்பியரை ஒட்டியே நிற்கும். நாலு டயோட்டால் ஒரே திசைக்குத் திருப்பி, 700 மில்லி அம்பியர் தாங்கும் 3 வாற் எல்.இ.டி.யை மாட்டினால், எவ்வளவு வேகமாக மிதித்தாலும் அது கருகாது. இன்றைய டிரைவர் சில்லுகள் செய்ய முயல்வதை இரும்பும் செப்புக் கம்பியும் அன்றே செய்தன.

கேள்வி: எல்.எம்.317 ஒன்றும் தடையி ஒன்றும் போதுமே. ஓட்டம் மாறாமல் நிற்கிறதே? (இளவாலை)

பதில்: நிற்கும். 3.6 ஓம் போட்டால் 350 மில்லி அம்பியருக்கு மிக அருகில். ஆனால் 12 வோல்ற்றில் ஒரே ஒரு எல்.இ.டி.யை எரித்தால், மிச்சம் 8.8 வோல்ற் முழுவதும் சூடாகப் போகும். 1 வாற் வெளிச்சத்துக்கு 3 வாற் அடுப்பு!

படியிறக்கும் டிரைவர் வேறு வழியில் போகிறது. பி.டி.4115 என்ற சில்லை எடுத்துக்கொள்வோம். உள்ளே உள்ள சுவிட்ச் மூடியதும் சுருளுக்குள் ஓட்டம் மெல்ல ஏறும். அளவுத் தடையியில் அதைக் கவனித்து, எல்லையைத் தாண்டியதும் சில்லு சுவிட்சைத் திறக்கும். சுருள் ஓட்டத்தைச் சட்டென்று நிற்க விடாது. டயோட் வழியாகச் சுற்றி எல்.இ.டி.க்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். குறைந்ததும் மறுபடி மூடும். இது செக்கனுக்கு லட்சக்கணக்கான தடவை. எரித்து வீணாக்குவது எதுவும் பெரிதாக இல்லாததால், அதே ஒற்றை எல்.இ.டி.க்குப் பற்றரியிலிருந்து 350க்குப் பதில் 100 மில்லி அம்பியர் அளவில்தான் போகும். இரவு முழுக்க எரியும் விளக்குக்கு இது மூன்று மடங்கு ஆயுள்.

கேள்வி: அந்தச் சில்லுக்கு 0.285 ஓம் தடையி எந்தக் கடையிலும் இல்லை. டயோட்டுக்கு 1என்4007 போட்டேன், சில்லு கொதிக்கிறது. (காங்கேசன்துறை)

பதில்: 1 ஓம் தடையி மூன்றைப் பக்கம் பக்கமாகப் பற்றவையுங்கள்: 0.333 ஓம். சில்லு அளப்பது 0.1 வோல்ற், எனவே ஓட்டம் 300 மில்லி அம்பியர். வெளிச்சம் குறைந்தது கண்ணுக்குத் தெரியாது, எல்.இ.டி. குளிர்ச்சியாக இருக்கும். 1என்4007 வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் வேகத்துக்குப் பிறந்தது. இந்த வேகத்தில் கதவைச் சாத்துவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். ஷொட்கி வகை, 1என்5819 போடுங்கள்.

கேள்வி: நாலாவது எல்.இ.டி.யும் தொடரில் சேருமா? (கீரிமலை)

பதில்: 12 வோல்ற்றில் சேராது. நாலுக்கு 12.8 வேண்டும், படியிறக்கி ஏற்றாது.

கேள்வி: கேணியடியில் மாட்டிய டிரைவர் பச்சை பிடித்துச் செத்துப்போனது. கடற்காற்றை என்ன செய்வது? (கீரிமலை)

பதில்: டிரைவரைக் கடற்கரைக்கு ஏன் கொண்டுபோகிறீர்கள்? ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றுக்கு ஒரு வசதி உண்டு: வயர் நீளத்தில் கொஞ்ச வோல்ற் தொலைந்தாலும், எல்.இ.டி.க்குப் போகும் அம்பியர் மாறாது. ஒன்றோ இரண்டோ எல்.இ.டி. என்றால் டிரைவரைப் பற்றரியோடு வீட்டுக்குள் வைத்து, வயரை மட்டும் வெளியே இழுங்கள். எல்.இ.டி. உண்ணும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் வரும். அதன் அலுமினியத் தட்டைச் சூடு கடத்தும் பசையால் கனத்த அலுமினியத் துண்டில் ஒட்டி, பற்றவைத்த இடங்களுக்கு வார்னிஷ் பூசுங்கள். இணைப்பை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகச் சுவிட்சைப் போடுங்கள்; கரண்ட் ஏறிய டிரைவரின் வெளிப்பக்கக் கொள்ளளவி நிறைந்து நிற்கும்போது எல்.இ.டி.யைத் தொட்டால், அந்தக் கணத்தில் பாயும் ஓட்டத்தை எந்தச் சில்லாலும் தடுக்க முடியாது.