ஓசேஜ் தல புராணம்

வியாபாரம் தோன்றிய நாள் முதலாக, "இன்னும் ரெண்டு கிலோ சேர்த்துப் போடட்டுமா?" என்று கேட்கிற கடைக்காரர்கள்தான் உண்டு. "ஐயா, வாங்கினதையே வீணடிக்கிறீர்கள், தயவுசெய்து குறைத்துக்கொள்ளுங்கள்" என்று வாடிக்கையாளரிடம் கெஞ்சியவர் சரித்திரத்தில் அபூர்வம். அப்படி ஒருவர் 1974இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஓசேஜ் என்கிற ஊரில் அவதரித்தார். திருநாமம் வெஸ் பேர்ட்ஸால். உத்தியோகம், ஊருக்குச் சொந்தமான மின்சார, எரிவாயு நிறுவனத்தின் மேனேஜர்.

அவதாரம் என்றால் அதற்கு ஒரு முகாந்திரம் வேண்டும். 1973 அக்டோபரில் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு ஆதரவாக நின்ற அமெரிக்காவுக்கு எண்ணெய் கிடையாது என்று அரபு நாடுகள் கையை விரித்தன. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. ஜனாதிபதி நிக்ஸன் நவம்பரில் தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டுச் சூட்டை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறக்குங்கள் என்றார். கொஞ்சம் குளிர்ந்த வீடுதான் உடம்புக்கு நல்லது என்று தன் டாக்டர் சொன்னதாக ஆறுதல் வேறு. கோடையில் வெள்ளை மாளிகைக் கணப்பில் கட்டையை எரியவிட்டு, புழுங்காமல் இருக்க ஏ.சி.யையும் ஓடவிடுவார் என்று பேர் வாங்கிய மகானுபாவர் சொன்ன உபதேசம் இது.

அடுத்து வந்த ஃபோர்டை விட்டுவிடலாம். அதற்கடுத்த கார்ட்டர் யோக்கியர். 1977 பிப்ரவரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பகலில் 65, ராத்திரியில் 55 போதும் என்றார். 55 என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 13 டிகிரி. கொடைக்கானலில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்த மாதிரி. ஜனங்கள் 1980 தேர்தல் வரை நடுங்கிப் பார்த்துவிட்டு அவரை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். வெள்ளை மாளிகைக் கூரையில் அவர் வைத்த 32 சூரியத் தகடுகளும் 1986இல், அடுத்த ஜனாதிபதி ரீகன் காலத்தில் இறங்கின.

நிக்ஸனும் கார்ட்டரும் மாறி மாறிச் சொன்னது ஒன்றே: குளிரைப் பொறுத்துக்கொள். ஓட்டையை அடைத்தால் பொறுத்துக்கொள்ளவே வேண்டாமே என்பது பேர்ட்ஸாலின் கட்சி. ஓசேஜ் மின்னசோட்டா எல்லையோரத்தில் இருக்கும் ஊர், குளிர்காலத்தில் எலும்புக்குள் போகிற குளிர். வீட்டுக்குள் எரிக்கிற காசு கூரை வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

போவதைக் கண்ணால் காட்டினால்தானே நம்புவார்கள்? ஊர்க் கட்டடங்களையெல்லாம் வெப்பப் படம் எடுக்க வைத்தார். எந்த வீட்டில் எந்த இடத்தில் சூடு ஒழுகுகிறது என்று படம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். சிக்கனப் பிரசாரத்தில் இதைவிடக் குரூரமான ஆயுதம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். "நாட்டு நலனுக்காகச் சேமியுங்கள்" என்றால் கொட்டாவி விடுகிறவன்கூட, அடுத்த வீட்டுக்காரனின் கூரை தன் கூரையைவிட ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்தால் ஏணியைத் தேடுவான்.

அப்புறம் கீசர்களுக்குச் சட்டை. வெந்நீர்த் தொட்டி நாள் முழுக்கச் சும்மா நின்றே சூட்டை இழக்கும். அதைச் சுற்றி மெத்தை மாதிரி ஓர் உறை போர்த்தினால் இழப்பு குறையும். புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் மட்டும் கெஞ்சல் இல்லை. சுவரிலும் கூரையிலும் போதிய வெப்பக் காப்பு இல்லையா? இணைப்பு கிடையாது, போய்விட்டு வாருங்கள்.

இவருக்கு மட்டும் எப்படி இந்தத் துணிச்சல்? பங்குதாரர்கள் உள்ள கம்பெனியில் ஒரு மேனேஜர் "விற்பனையைக் குறைக்கப் போகிறேன்" என்று சொல்லியிருந்தால் மறுநாள் அவர் நாற்காலியைக் குறைத்திருப்பார்கள். ஓசேஜில் வாங்குகிறவரும் முதலாளியும் அதே ஊர்க்காரர்கள். தேவை ஏறினால் புதிதாக முதலீடு, அதற்குக் கடன், கடனுக்கு வட்டி, கடைசியில் எல்லாம் அவர்கள் பில்லில்தான் வந்து விடியும். கீசர் சட்டை அதைவிட மலிவு. கணக்கு அவ்வளவுதான், எந்தத் தியாகமும் இல்லை.

நிறுவனம் கடனை முன்கூட்டியே அடைத்தது, கையில் மிச்சம் வைத்தது, கட்டணத்தையும் குறைத்தது. கட்டணத்தைக் குறைத்த மின்வாரியம்! மெதுவாக இன்னொரு தரம் படித்துக்கொள்ளுங்கள். ஆற்றல் நிபுணர் அமோரி லவின்ஸ் இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் பாராயணம் செய்தார். ஊரில் ஒரு காலுறை ஆலையும் இருந்தது: ஃபாக்ஸ் ரிவர் மில்ஸ். அமெரிக்கப் பாட்டிகள் குரங்கு பொம்மை தைக்கிற சிவப்புக் குதிகால் சாக்ஸ் பின்னாளில் அங்கேதான் பின்னப்பட்டது. கீசருக்கே சட்டை மாட்டிய ஊருக்குப் பொருத்தமான தொழில்.

சின்ன ஊரில் நடந்ததைப் பெரிய கைகள் செய்து பார்த்தால்? அதற்கும் ஒரு கிளைக்கதை உண்டு; அது சேமிப்பதில் அல்ல, கட்டுவதில் ஆரம்பிக்கிறது. மேற்கே வாஷிங்டன் மாநிலத்தில் பொது மின் அமைப்பு ஒன்று ஐந்து அணுமின் நிலையங்கள் கட்டப் புறப்பட்டது. கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவர்கள் வைகுண்டத்துக்கு டிக்கெட் போட்டார்கள். கட்டி முடித்தது ஒன்றே ஒன்று. 1983இல் 225 கோடி டாலர் பத்திரக் கடனுக்குக் கையை விரித்தது. நாடே அந்த அமைப்பை "ஊப்ஸ்" ("ஐயையோ!") என்று கேலியாகக் கூப்பிட்டது.

சூடுபட்ட பிராந்தியத்துக்கு ஞானம் வந்தது. மத்திய அரசின் பானவில் மின் நிர்வாகம் 2 கோடி டாலரை எடுத்துக்கொண்டு ஆரிகன் மாநிலத்தில், பேரிக்காய்த் தோட்டங்கள் சூழ்ந்த ஹூட் ரிவருக்குப் போனது. மின்சாரத்தால் சூடாகிற வீடா? கூரைக்கு மெத்தை, ஜன்னலுக்குக் கூடுதல் கண்ணாடி, கதவிடுக்குக்கு அடைப்பு, அநேகமாக எல்லாம் இலவசம். விளம்பரத்தைவிட வேகமாகப் பக்கத்து வீட்டுப் பேச்சு வேலை செய்தது. தகுதியுள்ள வீடுகளில் 85 சதவீதம் சேர்ந்துவிட்டன.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் மீட்டரைப் பார்த்தார்கள். மின்சாரம் குறைந்திருந்தது, ஆனால் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. மெத்தையில் கோளாறா என்றால் இல்லை. கட்டணம் ஏறின நாளிலேயே ஜனங்கள் ஹீட்டரை அணைத்துவிட்டு விறகு அடுப்பு மூட்டியிருந்தார்கள். இலவச மெத்தை வந்ததும் பலர் விறகு பிளப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். சிலர் அறையைக் கொஞ்சம் கூடுதலாகவே சூடாக்கிக்கொண்டார்கள். ஆக, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மின் நிர்வாகம் கொட்டிய பணத்தில் ஒரு பங்கு, ஆரிகன் கொல்லைப்புறங்களில் பிளக்காத கட்டையாக அடுக்கிக் கிடந்தது.