தலையியல்: மணியாச்சிச் சந்திப்பை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மனிதத் தலையைப் பார்க்காமல் வரைவது எப்படி என்னும் பொருளில் நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் உரிய கவனம் செலுத்தவில்லை. முனைவர் பட்டத்துக்காகத் தலையை உடைத்துக்கொள்வோர் ஏராளம். தலையையே பொருளாக எடுத்துக்கொண்டவர் அரியர். அக்குறையைப் போக்கும் பொருட்டு எழுந்தது இக்கட்டுரை. ஆய்வுக்களம், வாஞ்சி மணியாச்சி ரயில் நிலையத்து சிமெண்டு பெஞ்சு. கருவி, ஒரு பென்சிலும் ஒருபக்கத் தாளும். காலம், ரயில் வரும்வரை. நிதியுதவி கேட்கவுமில்லை, யாரும் தரவுமில்லை.

மதுரைப் பக்கமிருந்து வரும் தண்டவாளம் மணியாச்சியில்தான் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்குமாகப் பிரிகிறது. ஆகவே இணைப்பு ரயிலுக்குக் காத்திருக்கும் தலைகளுக்கு இங்கே என்றும் பஞ்சமில்லை. சுற்றிலும் கரிசல், மானம் பார்த்த பூமி. உளுந்தும் பருத்தியும் எடுத்தாகிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் பார்ப்பதற்கென்று ஒன்றும் இராது. மனுசத் தலையைத்தான் பார்த்தாக வேண்டும். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் நினைவுக்கு வருவது இயல்பு. அது வரலாற்றுத் துறையாரின் பொருள். நாம் அதில் தலையிடுவதற்கில்லை.

முதலில் முன்னோர் கொள்கை. 'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்பதைத் தலைக்குக் கிடைத்த பாராட்டாகவே எல்லாரும் கொள்கின்றனர். அது பாராட்டன்று, அளவு என்பது எம் துணிபு. ஆள் உயரம் அவரவர் கையால் எட்டுச் சாண். உச்சியிலிருந்து தாடை வரை தலையும் ஏறக்குறைய ஒரு சாண். அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸ் எடுப்பான உடம்புக்கு எட்டுத் தலை உயரம் என்று வகுத்ததும் இதே கணக்குத்தான். நம் சிற்பிகளோ முகத்தைத் தாலம் என்று வைத்துக்கொண்டு, பெருந்தெய்வத்துக்கு உத்தம தசதாலம், அதாவது 124 அங்குலம் என்றும், பிள்ளையாருக்கு ஐந்து தாலம் போதும் என்றும் விதித்தார்கள். பிள்ளையாரைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கத் தோன்றுவதற்குக் காரணம் பக்தி மட்டுமன்று, இந்தக் குறுக்கலும்தான். முகத்தை நெற்றி, மூக்கு, வாய்தாடை என மூன்று சம பங்காக வைப்பதில் சிற்பியும் லூமிஸும் ஒத்துப்போகின்றனர். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகச் சான்றில்லை. இருவரும் தலையைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவே.

லூமிஸ் 1956இல் தலைக்கும் கைக்குமென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். பந்து ஒன்றை வரைந்து, இரு பக்கமும் சீவிவிட்டு, கீழே தாடையை மாட்டச் சொல்வது அவர் முறை. கரிசல்காட்டு மாணவருக்குப் பந்து எதற்கு? சித்திரை வெயிலில் ரோட்டோரம் நுங்கு வெட்டுகிறவரின் கையிலிருக்கும் பனங்காயைப் பார்த்தால் போதும். இடக்கையில் உருட்டி அரிவாளால் ஒரு சீவு சீவியதும் தட்டையாக ஒரு முகம் கிடைக்கிறதே, மனிதனின் பொட்டுப் பக்கம் அப்படித்தான் இருக்கிறது. தலை உருண்டை என்று நினைத்து வரைபவர்கள் சறுக்குவது அங்கேதான். பனங்காய்க்குக் கண் மூன்று என்பது ஒன்றே வேறுபாடு. முக்கண்ணனை வரைவோருக்கு அதுவும் இல்லை.

இனிக் கண் எங்கே வரும் என்ற வழக்கு. தலையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வரும் என்பர் கற்றுக்குட்டிகள். அது பொருந்தாது. உச்சிக்கும் தாடைக்கும் நட்டநடுவே கண். எதிர் பெஞ்சில் தூங்கும் பெரியவரைக் கைநீட்டிப் பென்சிலால் அளந்து பாருங்கள்: உச்சிமுதல் கடைக்கண்வரை கட்டைவிரலால் பிடித்த நீளம், கடைக்கண்முதல் தாடைவரை அப்படியே வந்து உட்காரும். அவர் விழித்துக்கொண்டால் ஆய்வாளர் ரயில் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்ள வேண்டும். கண்ணும் வாயும் பேசுவதால் அவற்றையே பார்க்கிறோம். மயிர் மூடிய மேல்மண்டை ஒன்றும் பேசுவதில்லை, எனவே மனக்கணக்கில் அது சேர்வதில்லை. பின்மண்டைக்கும் இதே கதி. பக்கவாட்டில் வரையச் சொன்னால் காதுக்குப் பின்னே சுவர் எழுப்பி முடித்துவிடுகிறார்கள். பின்மண்டையின் முழு நீளத்தையும் தினமும் தொட்டறிந்தவர் சலூன்காரர் ஒருவரே. அவரை இத்துறையில் வருகைதரு பேராசிரியராக நியமிக்கலாம்.

இதற்குக் களச்சான்று உண்டு. கல்லூரிப் பையன் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து தலை வரைந்துகொண்டிருந்தான். கூடையோடு வந்த ஆச்சி எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா இது?"

"யாருமில்ல ஆச்சி. மனசுல இருந்து வரையுதேன்."

"மனசுல இருந்து வரைஞ்சா கண்ணு ஏன்யா நெத்தியில கெடக்கு?"

இதைவிடச் சுருக்கமான மதிப்புரையை எந்த ஆய்விதழிலும் நாம் கண்டதில்லை.

மனசிலிருந்து வரைவது என்றால் என்ன என்பதே நம் ஆய்வின் மையம். பாரிசில் 19ஆம் நூற்றாண்டில் லெகோக் தெ புவாபோதிரான் என்றோர் ஓவிய வாத்தியார் இருந்தார். மாணவர்கள் ஒன்றை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அது இல்லாமல் வரைய வேண்டும். சிற்பி ரோடின் அவரிடம் படித்தவர். இந்தப் பாடத்திட்டத்தைத் தெற்கு ரயில்வே தன்னையறியாமலே மணியாச்சியில் நடத்திவருகிறது. எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். ஜன்னலுக்கு ஒரு தலை தெரியும். பார்த்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். மிச்சத்தை மனசிலிருந்துதான் வரைந்தாக வேண்டும். மூக்கு மறந்துபோனால் அடுத்த வண்டியில் வேறு மூக்கு வரும். அதைப் பார்த்துக்கொண்டு பழைய தலையைத் திருத்தலாம். பார், மற, வரை, சரிபார்: இதற்கு மேல் இந்த வித்தையில் ரகசியம் இல்லை.

பார்ப்பதை விட்டுவிட்டு வரைந்துகொண்டே போனால் வேறொரு நோய் பிடிக்கும்: வரைகிற தலையெல்லாம் ஒரே தலையாகிவிடும். காலண்டர் இராவணனுக்குப் பத்துத் தலையிலும் ஒரே முகம் இருப்பதை நோக்குக. அவன் மாயாவி என்பதால் அன்று. ஓவியருக்கு வேறு முகம் கைவராததாலேயே என்பது எம் கருத்து.

காலண்டர் என்றதும் கோவில்பட்டியைச் சொல்லாமல் நகர முடியாது. கொண்டையராஜு (1898-1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தவர். நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டன. முருகன் அவர்கள் எதிரே ஸ்டூல் போட்டு உட்காரவில்லை. லட்சுமியைப் போட்டோ எடுத்தவரும் இல்லை. ஆயினும் அந்த முருகனைப் பார்த்து, 'இது முருகன் மாதிரி இல்லையே' என்று எந்த வீட்டிலும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நாடக மேடையில் பவுடர் பூசிய முகங்களையும் ஓவியப் பள்ளியில் உயிருள்ள ஆட்களையும் வரைந்து வரைந்து கையில் ஏறிய கணக்கு அது. கற்பனை என்று நாம் கும்பிடுவது பெரும்பாலும் பழைய பார்வைதான். அந்த அம்மன்கள் எல்லாரும் அக்கா தங்கை போலிருக்கிறார்கள் என்று குறை சொல்வாரும் உளர். அம்மன்களுக்குள் அக்கா தங்கை உறவு உண்டென்று ஊர்க்கதைகளே சொல்வதால் இக்குறை தள்ளுபடி செய்யப்படுகிறது.

பார்க்காத தலைக்கு அரசாங்க முத்திரை கிடைத்ததும் உண்டு. வேணுகோபால் சர்மா எழுதிய திருவள்ளுவர் படம் 1964இல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்டது. இன்று தாடியில்லாத வள்ளுவரை வரைந்தால் பள்ளிப்பிள்ளைகூட ஒப்பாது. இந்தப் பக்கத்துக் கயத்தாற்றில் 1799இல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனுக்கோ 1959இல் வந்த படம் சிவாஜி கணேசனின் தலையைக் கொடுத்தது. கயத்தாற்றில் சிலை வைத்தவரும் சிவாஜியே. கட்டபொம்மனே திரும்பி வந்தாலும் மீசையைத் திருத்திக்கொண்டுதான் ஊருக்குள் நுழைய முடியும்.

இத்துறைக்கு அண்மையில் ஒரு பேரிடர் வந்திருப்பதையும் பதிவுசெய்ய வேண்டும். முன்பெல்லாம் ஜன்னலோரத்தில் முகம் தெரிந்தது. கடலை மிட்டாய்க்காகக் கழுத்து நீண்டது. பக்கவாட்டு, முக்கால்முகம், அண்ணாந்த முகம் எல்லாம் கிடைத்தன. இப்போது வண்டி முழுக்கச் செல்போனில் குனிந்த தலைகள். பத்துப் பெட்டி போனாலும் கிடைப்பது உச்சி வகிடும் சுழியும்தான். ஆகவே முத்துநகர் எக்ஸ்பிரஸ் உள்ளிட்ட வண்டிகளில் வரும் ஜன்னலோரப் பயணிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மணியாச்சியில் வண்டி நிற்கிற நேரம் மட்டும் போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தயவுசெய்து தலையை நிமிர்த்தி வெளியே பாருங்கள். சிரிக்க வேண்டியதில்லை, பல் வரைவது எங்களுக்கு இன்னும் கைவரவில்லை.