மிக்ஸியும் மிக்ஸிங்கும்

கேள்வி: 2020 ஊரடங்கில் எங்கள் மிக்ஸி திடீரென்று நின்றுபோனது. ஆன்லைனில் வாங்கவும் வழியில்லை, அம்மிதான் கதி. மிக்ஸி அத்தியாவசியப் பொருள் இல்லையா?
- ஒரு வாசகி, லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: உத்தரவு எழுதியவர் வீட்டில் சப்பாத்தியாக இருந்திருக்கும், சட்னியின் அவசரம் எங்கே தெரியப்போகிறது? ஏப்ரல் 20 முதல் ஆன்லைனில் எல்லாம் விற்கலாம் என்ற மத்திய அரசு, 19ஆம் தேதியே பின்வாங்கியது. எலக்ட்ரீஷியன் வரலாம், புது மிக்ஸி வரக்கூடாது! மே 4 அன்று உங்கள் ஊரில் மதுக்கடைகள் திறந்தன. சிவப்பு மண்டலம் என்பதால் ஆன்லைன் மிக்ஸிக்கு மே 17 வரை தடை நீடித்தது. மிக்ஸிங் முந்திக்கொண்டது.

அது இருக்கட்டும், மிக்ஸிக்கு அடியில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்குமே, ஓவர்லோடில் நின்றால் அமுக்குவதற்கு? அமுக்கிப் பார்த்தீர்களா?