புளியங்கிளை அலைவரிசை

1974-ல் மேற்கு ஜெர்மனிக்காரன் பாட்டுக்குள்ளே ஒரு டிராபிக் போலீஸை ஒளித்து வைத்தான். பேர் ஏ.ஆர்.ஐ. புதிதாகக் கம்பம் நடவில்லை, கம்பி இழுக்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எஃப்.எம். ஒலிபரப்பின் முதுகில், காதுக்கு எட்டாத 57 கிலோஹெர்ட்ஸில் ஒரு முனகலை ஏற்றிவிட்டார்கள். எந்த நிலையம் ரோட்டுச் சேதி சொல்லும், எந்த வட்டாரத்துக்குச் சொல்லும் என்று அந்த முனகல் கார் ரேடியோவிடம் கோள் மூட்டும். அறிவிப்பு வந்துவிட்டால் ஓடுகிற கேசட்டையே நிறுத்தி, முன்னால் நெரிசல் என்று அதட்டும்.

அதே வருஷம் நம் சேலம் பக்கத்துக் கெங்கவல்லியில்? எஃப்.எம். இந்தியாவிலேயே பிறக்கவில்லை, சென்னையில் தவழ ஆரம்பித்தது 1977-ல்தான். இருந்த ரேடியோவுக்கும் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்ட வேண்டும். டீக்கடையில் திருச்சி வானொலி நெல்லுக்குப் பூச்சிமருந்து சொல்லும். டெல்லியிலிருந்து செய்தி வாசிக்கிற சரோஜ் நாராயணசுவாமி உலகத்தையே சொல்லுவார். தம்மம்பட்டி ரோட்டு வளைவில் மரவள்ளிக்கிழங்கு லோடோடு அச்சு முறிந்து நிற்கிற லாரியைப் பற்றி மட்டும் யாரும் மூச்சுவிட மாட்டார்கள்.

அதற்குத்தான் கிளீனர் இருந்தான். இறங்குவான். புளியமரத்தில் ஒரு கொத்து ஒடிப்பான். லாரிக்குப் பத்தடி பின்னால் ரோட்டில் போட்டு, பறக்காமல் ஒரு கல்லைத் தூக்கி வைப்பான். ஒலிபரப்பு ஆரம்பம். இலை பச்சையாக இருந்தால் வண்டி இப்போதுதான் படுத்திருக்கிறது. வாடியிருந்தால் ஆத்தூருக்கு மெக்கானிக்கைக் கூப்பிட ஆள் போயிருக்கிறது. சருகாகியிருந்தால் டிரைவரும் போய்விட்டார். இத்தனை விவரம் ஜெர்மன் முனகலில் கிடையாது. எதிரே வருகிறவர்களுக்குத் தனிச் சேவை: ஹெட்லைட்டை இரண்டு தரம் சிமிட்டினால் 'முன்னால செக்கிங்'. இதை மட்டும் ஒரு டிரைவரும் அலட்சியம் பண்ணியதில்லை.

1980-களில் ஐரோப்பாவில் ஆர்.டி.எஸ். என்று அடுத்த முனகல் வந்தது. அதற்கும் அதே 57 கிலோஹெர்ட்ஸ்தான் வேண்டுமாம். ஏ.ஆர்.ஐ.யை எழுப்பிவிட முடியுமா? மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் ஒருக்களித்து உட்காருகிற மாதிரி, 90 டிகிரி திரும்பி உட்கார்ந்துகொண்டது. நம் டவுன் பஸ்ஸில் ஏறியவன் எவனோதான் இந்த யோசனையைச் சொல்லியிருக்க வேண்டும். பிற்பாடு அதன்மேல் டி.எம்.சி. என்று இன்னொன்று ஏறி, ரோட்டுச் சேதியை எண்களாகவே அனுப்பியது.

புளியங்கிளைக்கு இந்த இடநெருக்கடியெல்லாம் இல்லை. அதற்கு ஒரே எதிரி வெள்ளாடு. கிளீனர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து வந்து, ஒலிபரப்பு முழுவதையும் நிதானமாக மென்று தின்றுவிடும். நடுரோட்டில் கல் மட்டும் மிஞ்சும்.