ஃபுல் ஃபிரேமும் புஜக்கட்டையும்

எங்கள் ஜலகண்டாபுரத்தில் ஒரு கேமராவை மதிப்பிட மூன்றே கேள்விகள்தான். எவ்வளவு தூரம் எடுக்கும்? எத்தனை மெகாபிக்சல்? கல்யாணத்துக்கு விட்டால் நாளுக்கு எவ்வளவு வரும்? நான் கல்யாணத்துக்குப் பந்திக்கு மட்டும் போகிறவன், படம் எடுப்பது ஆசைக்கு என்று சொன்னால், "அப்புறம் எதுக்கு லட்ச ரூபா?" என்று நாலாவது கேள்வி முளைக்கும். என்னைப் போன்றவர்களுக்கு கேமரா கம்பெனிகள் 'ஆர்வலர்' என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கின்றன. எங்கள் வீட்டில் வைத்திருக்கும் பெயர் வேறு.

இந்த ஆர்வலர்களைக் குறிவைத்துத்தான் 'மலிவு விலை ஃபுல் ஃபிரேம்' என்று ஒன்றை விற்கிறார்கள். 2005-ல் கேனான் 5டி வந்தபோது, லென்ஸ் இல்லாமல் வெறும் பாடிக்கு மட்டும் 3,299 டாலர். அதைத்தான் அன்றைக்குக் கைக்கெட்டும் விலை என்றார்கள். யார் கைக்கு என்று சொல்லவில்லை. 2012-ல் கேனான் 6டி, நிக்கான் டி600 இரண்டும் ஏறக்குறைய 2,100 டாலரில் வந்தன. 2019 பிப்ரவரியில் கேனான் ஈஓஎஸ் ஆர்பி 1,299 டாலருக்கு இறங்கியது. சேலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மச்சானிடம் இந்த ஆர்பி ஒன்று சும்மா கிடந்தது. "மாமா, எடுத்துட்டுப் போய்ப் பாருங்க, பிடிச்சா நீங்களே வெச்சுக்குங்க" என்றான். மச்சான்கள் இப்படிப் பேசும்போது பணம் வேண்டாம் என்று அர்த்தமில்லை.

ஃபுல் ஃபிரேம் என்றால் என்ன என்று ஊரில் கேட்டவர்களுக்கு மாடர்ன் தியேட்டர்ஸை வைத்துத்தான் விளக்கினேன். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் தொடங்கிய ஸ்டுடியோ. அதன் நுழைவாயில் வளைவு ஏற்காடு போகும் சாலையில் இன்றும் நிற்கிறது. அங்கே ஓடிய 35 மில்லிமீட்டர் சுருள் கேமராவுக்குள் மேலிருந்து கீழே இறங்கும். அதே அகலச் சுருளை ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னாக் என்பவர் படுக்கைவாட்டில் ஓடவிட்டார். சினிமாக் கட்டம் இரட்டிப்பாகி 36-க்கு 24 மில்லிமீட்டர் ஆனது. அந்த லைக்கா கேமரா 1925-ல் விற்பனைக்கு வந்தது. இன்றைய டிஜிட்டல் கேமராவில் சென்சார் அதே அளவில் இருந்தால் அது ஃபுல் ஃபிரேம். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்த சுருளின் அகலம்தான் இதன் பூர்வீகம் என்று முடித்தேன். பெரியப்பா யோசித்துவிட்டு, "அப்ப இதுல கலர் வருமா?" என்றார். தமிழின் முதல் முழுநீளக் கலர் படமே அதுதான் என்று சொல்ல வாயெடுத்து, சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் விட்டுவிட்டேன்.

அடுத்தது எடை. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 485 கிராம். கம்பெனிக்காரன் இதைப் பெருமையாகச் சொல்கிறான். பெரியப்பா கையில் ஏந்திப் பார்த்து, "அரைக் கிலோகூட நிக்காதே கண்ணு, உள்ள எல்லாம் வெச்சிருக்கானா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பையன் 26 மெகாபிக்சல் என்றதும் இரக்கத்தோடு பார்த்தான். அவன் போனில் 200. அந்த 200 மெகாபிக்சலும் சுமார் 10-க்கு 7 மில்லிமீட்டர் இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, இங்கே பரப்பு பன்னிரண்டு மடங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "அண்ணா, 200 பெருசா, 26 பெருசா, அத மட்டும் சொல்லுங்க" என்றான்.

பரீட்சைக்குப் பெரியப்பாவின் தறிக்கொட்டகையே போதுமானது. நாலு விசைத்தறி, நாலு டியூப்லைட், அதில் ஒன்று எப்போதும் யோசனையில் இருக்கும். தறிச் சத்தத்தில் பேச்சு எல்லாம் கைஜாடைதான். நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை 1/100-க்கு மேல் வேகப்படுத்தினால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் மஞ்சள் பூத்தும் வரும். 1/100-லேயே வைத்தால் தறியில் ஓடும் நாடா வெறும் கோடாகிவிடும். அதுவும் அழகுதான். என் பழைய கேமராவில் ஐஎஸ்ஓ 6400 வைத்தால் சேலையின் அரக்குச் சிவப்பில் மணல் அள்ளித் தெளித்தாற்போல இருக்கும். ஆர்பியில் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. காரணம் மாயமல்ல. என் பழைய கேனானின் ஏபிஎஸ்-சி சென்சாரைவிட இதன் பரப்பு 2.6 மடங்கு, ஆக அத்தனை மடங்கு வெளிச்சம் பிடிக்கும். ஒன்றே ஒன்று, கொட்டகைக்குள் லென்ஸ் மாற்றக் கூடாது. இந்த மாடலில் ஆஃப் செய்தாலும் ஷட்டர் மூடாது, சென்சார் திறந்தே இருக்கும். மிதக்கும் பஞ்சுத் தூசிக்கு அதைவிட நல்ல திண்ணை கிடைக்காது.

இதுவரை வரவு. செலவு லென்ஸில் இருக்கிறது. ஆர்பியோடு மலிவாகக் கிடைக்கும் 24-105 கிட் லென்ஸ், கடைசி வரை ஜூம் செய்தால் எஃப் 7.1-க்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 லென்ஸோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம். சென்சாரில் 2.6 மடங்கு சம்பாதித்து லென்ஸில் பதினாறு மடங்கு தொலைப்பதற்கா லட்ச ரூபாய்? என் பழைய கேமராவில் சல்லிசான 50 எஃப் 1.8 மாட்டினாலே இந்த ஜோடியை இருட்டில் தோற்கடித்துவிடும். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது முதன்முறையாக நான் பேசியது அவருக்குப் புரிந்தது. "தறி மட்டும் வாங்கிப்போட்டா ஓடுமா? பாவு யாரு போடறது?" என்றார். எந்த விமர்சகரும் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை.

மற்ற குறைகள் எனக்குக் குறைகளாகப் படவில்லை. கார்டு ஒன்றுதான் போடலாம், அதனால் கல்யாணக்காரர்கள் தொடமாட்டார்கள். என் படம் அழிந்தால் அழ வேண்டியது நான் ஒருவன்தான். 4கே வீடியோவில் ஓரங்களை வெட்டிவிடும், நான் வீடியோ எடுப்பதில்லை. பேட்டரிதான் உறுத்தல். ஒரு சார்ஜுக்கு 250 படம் என்பது கம்பெனியின் அளவை. நான் எடுக்க நினைத்த தெருக்கூத்தோ பொழுது விடியும்வரை நடக்கும். ஆகவே என் தீர்ப்பு: ஆர்பி பாடி, ஆர்எஃப் 50 எஃப் 1.8 லென்ஸ், கையில் இன்னொரு பேட்டரி. கிட் லென்ஸ் வேண்டாம். பழைய கேமராவில் ஒரு எஃப் 1.8 கூட வாங்கிப் பார்க்காதவர்களுக்கு ஃபுல் ஃபிரேமும் வேண்டாம்.

மேட்டூர்ப் பக்கம் ஒரு பண்டிகையில் துகிலுரிதல் கூத்து. 50-ஐ மாட்டிக்கொண்டு மிருதங்கக்காரருக்குப் பக்கத்தில் இடம்பிடித்தேன். துச்சாதனன் கிறுகிறுவெனச் சுற்றும்போது தோளில் கட்டிய புஜக்கட்டையில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தன. திரௌபதியின் கண்ணைக் கேமரா தானே தேடிப் பிடித்தது. இமைமுடி எண்ணலாம்.

விடிந்ததும் அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்த திரௌபதியிடம் படத்தைக் காட்டினேன். பீடியை ஓரமாக வைத்துவிட்டு, பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்னங்க இது, அரிதாரத்துக்கு அடியில மழிச்ச தாடியெல்லாம் பச்சையாத் தெரியுது?"

அதுதான் ஃபுல் ஃபிரேமின் சிறப்பு என்றேன்.

"தம்பி போன்ல எடுத்துக் காட்டுச்சு, அதுல நான் பாஞ்சாலி. உங்களதுல எங்கப்பன் மாதிரி இருக்கறன்" என்று சொல்லி, அந்தப் போன் படத்தையே வாட்சப்பில் அனுப்பச் சொல்லி அந்தத் தம்பிக்கு நம்பர் கொடுத்தார்.